பழைய ரோட்டரி காருக்கு கார்பரேட்டரா, இன்ஜெக்ஷனா: சென்னையில் எப்படி முடிவு செய்வது

போன மே மாதம், மதியம் இரண்டு மணி இருக்கும். சோழிங்கநல்லூர் சிக்னலில் தன் 1982 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி கார்) நின்றுவிட்டது என்று தம்பி முறையில் பழகும் ஒருவர் போன் செய்தார். "செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல, பெட்ரோல் வாசனை மட்டும் வருது அண்ணே. பேசாம இந்தக் கார்பரேட்டரைக் கழட்டிப் போட்டுட்டு இன்ஜெக்ஷனுக்கு மாத்திடலாமா?"

போய்ச் சேர்ந்ததும் ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தேன். அந்தக் காரில் வருகிற நிக்கி கார்பரேட்டரில், பெட்ரோல் மட்டம் தெரிவதற்காக, பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடிக்குள் பெட்ரோல் உலைத் தண்ணீர் மாதிரி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கொதித்த பெட்ரோல் வழிந்து மேனிஃபோல்டுக்குள் இறங்கி, ப்ளக்கை நனைத்துவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்து நிழல் பார்த்து அரை மணி நேரம் உட்கார்ந்தோம், அப்புறம் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்ததும் புகை கக்கி எழுந்துவிட்டது.

அந்தக் கார் இன்றும் கார்பரேட்டரில்தான் ஓடுகிறது, அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னவன் நான்தான். அதே ஆண்டில் இன்னொருவருக்கு, கிட்டத்தட்ட அதே என்ஜினுக்கு, இன்ஜெக்ஷன் போடுங்கள் என்று சொன்னதும் நான்தான். இரண்டு முடிவையும் எடுக்க நான் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: காற்றும் பெட்ரோலும் சேரும் கலவை தப்பினால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தப் போவது யார், சென்னையில் எங்கே, கையில் எதை வைத்துக்கொண்டு? பவர், மைலேஜ், பார்வைக்கு அழகு எல்லாம் இதற்குப் பிறகுதான். ரோட்டரியில் கலவை தப்பினால் மைலேஜோடு போகாது, ரோட்டர் முனையில் இருக்கும் சீல் போகும், என்ஜினை இறக்க வேண்டிவரும்.

"1146 சிசி தானே" என்ற கணக்கு

பட்டறையில் முதலில் நடக்கும் தப்பு இது. அந்த ஆர்எக்ஸ்-7இல் இருக்கும் 12ஏ என்ஜினில் இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் 573 சிசி, கூட்டினால் 1146. உடனே, ஆயிரத்துச் சொச்சம் சிசிக்கு மாருதி கார்பரேட்டரே போதும் என்று யாராவது சொல்வார்கள். போதாது. ரோட்டரியில் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (கிராங்க் ஷாஃப்ட் மாதிரி) ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை வெடிக்கிறது. நாலு ஸ்ட்ரோக் பிஸ்டன் என்ஜினில் ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடிக்க இரண்டு சுற்று வேண்டும். ஆகவே இழுக்கும் காற்றை வைத்துப் பார்த்தால் 12ஏ ஏறத்தாழ 2.3 லிட்டர் பிஸ்டன் என்ஜினுக்குச் சமம், 654 சிசி ரோட்டர் இரண்டு கொண்ட 13பி 2.6 லிட்டருக்குச் சமம். சின்னக் கார்பரேட்டரைப் பொருத்தினால் ஸ்லோவில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) அழகாக நிற்கும், மவுண்ட் ரோட்டில் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. ஜிஎஸ்டி ரோட்டில் ஐந்தாயிரம் ஆர்பிஎம் தாண்டி இழுக்கும்போது, நீடில் வால்வு வழியாக வரும் பெட்ரோல் செலவுக்கு ஈடு கொடுக்காது, ஃப்ளோட் அறை வற்றும், என்ஜின் முழு லோடில் லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் ஓடும். ரோட்டரிக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனையிலும் ஓர் ஏபெக்ஸ் சீல், ஆக மொத்தம் ஆறு. லீனாக ஓடினால் சூடு ஏறும், நாக் (கலவை நேரம் தப்பித் தட்டி வெடிப்பது) வந்தால் சீல் உடையும். டர்போ உள்ளதில் பலமான நாக் ஒன்றிரண்டே போதும், டர்போ இல்லாதது கொஞ்சம் பொறுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மறுபக்கம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடிப் போனால் பெட்ரோல் ஹவுசிங் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், கம்ப்ரஷன் விழும், ஸ்டார்ட் ஆகாது.

இன்னொரு விஷயம். இந்த மாஸ்டா என்ஜின்களில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் என்ஜினின் ஒரே பக்கத்தில். மேலே இன்டேக், நேர் கீழே எக்ஸாஸ்ட், ரோட்டரி எக்ஸாஸ்ட்டின் சூடு சாதாரண காரைவிட அதிகம். அடுப்பு மேல் பாத்திரம் வைத்த மாதிரி கார்பரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானின் குளிரில் பெரிதாகத் தெரியாத இந்த ஏற்பாடு, அக்னி நட்சத்திரத்தில் ஓஎம்ஆர் நெரிசலில் அரை மணி ஊர்ந்தால் நன்றாகவே தெரியும்.

கை வைப்பதற்கு முன்

கார்பரேட்டரும் இன்ஜெக்ஷனும் இரண்டாவது பேச்சு. முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். சாதாரண கேஜ் ரோட்டரிக்கு முழு உண்மையைச் சொல்லாது, ஏனென்றால் ஒரு ப்ளக் துளைக்கு முன்னால் மூன்று அறைகள் மாறி மாறி வந்து போகின்றன. கேஜ் அதில் பெரிய எண்ணை மட்டும் பிடித்துவைக்கும். ரோட்டரிக்கென்றே இருக்கும் டெஸ்டர் கிடைக்கவில்லை என்றால், சாதாரண கேஜின் ஹோஸில் இருக்கும் சின்ன வால்வைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது முள் குதிப்பதைப் போனில் வீடியோ எடுங்கள். டங், டங், டங் என்று மூன்று குதிப்பும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்தப் பக்கத்து சீல் போயிருக்கிறது. எண் கணக்குக்கு, 250 ஆர்பிஎம் அளவில் செல்ஃப் சுற்றும்போது 85 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்தால் என்ஜின் வேலையைத் தள்ளிப்போட முடியாது. அந்த என்ஜினுக்கு இன்ஜெக்ஷன் போட்டுச் செலவழிப்பது வீண்.

அப்புறம் இக்னிஷன். நாலு ப்ளக், கீழே இருப்பது முதலில் பொறி விடும் லீடிங், மேலே இருப்பது அடுத்து விடும் ட்ரெயிலிங். வயர் மாறிப் போட்டால் கலவையில் எவ்வளவு தடவினாலும் சரி வராது, என்ஜினுக்கும் ஆபத்து. லீடிங் காயில் செத்தால் வண்டி இழுக்காமல் தவிக்கும், ட்ரெயிலிங் செத்தால் ஓட்டுகிறவருக்கே தெரியாமல் கொஞ்சம் சோம்பலாக ஓடும். கார்பரேட்டர் கோளாறு என்று என்னிடம் வந்த வண்டிகளில் இக்னிஷனும் வாக்யூம் ஹோஸும்தான் பல தடவை குற்றவாளி. நிக்கியைச் சுற்றி எலிக்கூடு மாதிரி சின்னச் சின்ன ஹோஸ்கள் ஓடும். நாற்பது வருட ரப்பர், நகத்தால் கீறினால் உதிரும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு அத்துடன் இந்தக் கேள்வியே தீர்ந்துவிடும்.

இ20 வந்த பிறகு

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025இலிருந்து நம் பங்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதுதான் இ20. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று என்றால், இ20க்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் எட்டு, ஒன்பது சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும். இன்ஜெக்ஷன் கார் சென்சாரைப் பார்த்துத் தானே கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்குக் கண் கிடையாது. 1982இல் ஜப்பானில் போட்ட ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) 1982 பெட்ரோலுக்குத்தான் அளக்கும், ஆகவே நீங்கள் எதையும் தொடாமலேயே வண்டி லீன் ஆகிவிட்டது.

இதைத் திருத்துவது கஷ்டமில்லை. எட்டு, ஒன்பது சதவீதம் அதிகம் போக வேண்டுமென்றால் ஜெட்டின் துளை விட்டம் ஏறத்தாழ நாலு சதவீதம் பெரிதானால் போதும். வெபர் கார்பரேட்டரில் 160 மெயின் ஜெட் என்றால் 1.60 மில்லிமீட்டர் துளை, அதை 165 அல்லது 170 ஆக்கிப் பார்க்கலாம். லேத்தில் கொடுத்து ட்ரில் பண்ணாதீர்கள். துளையின் வாய் சொரசொரப்பானால் அளவு சரியாக இருந்தும் ஓட்டம் மாறும், திரும்பவும் பழையதற்குப் போக வழியிருக்காது. ஜெட் செட்டாக வரவழைத்து, பழையதை ஒரு டப்பாவில் பெயரெழுதி வையுங்கள்.

எத்தனால் பழைய ரப்பரையும் விடாது. ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் ஊதிப்போகும், கேஸ்கட் நெகிழும், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் ஃப்ளோட் அறையைத் திறந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஹோஸ் வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஜி.பி. ரோட்டில் கடைக்குக் கடை கறுப்பு ஹோஸ் தொங்கும், அச்சு இல்லாததை வாங்காதீர்கள், விலை வித்தியாசம் ஒரு டீ டிபன் காசுதான். இது கார்பரேட்டர், இன்ஜெக்ஷன் இரண்டுக்கும் பொருந்தும்.

நூறு ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பவர் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: டர்போ இல்லாத ரோட்டரிக்கு அதிக ஆக்டேன் தேவையே இல்லை, பவர் கூடப்போவதில்லை.

கார்பரேட்டரிலேயே இருப்பதென்றால்

வாரக் கடைசியில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருகிற வண்டி, போர்ட்டில் (காற்றும் புகையும் போய்வரும் வாயில்) கை வைக்காத ஒரிஜினல் 12ஏ, நிக்கி கையோடு இருக்கிறது என்றால், என் பதில் அதையே முழுசாகப் பிரித்துச் சரிசெய்யுங்கள் என்பதுதான். நிக்கி நாலு பேரல் கார்பரேட்டர். முதல் இரண்டு மெதுவான ஓட்டத்துக்கு, அடுத்த இரண்டு வாக்யூமில் தானாகத் திறக்கும். நன்றாக வேலை செய்யும்போது ஊருக்குள் இதைவிட மென்மையான கார்பரேட்டர் இந்த என்ஜினுக்குக் கிடையாது. பிரிக்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஸ்பிண்டில் ஆட்டம். த்ராட்டில் ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த இடைவெளியில் காற்று நுழைகிறது, ஏர் ஸ்க்ரூவை எத்தனை திருப்பு திருப்பினாலும் ஸ்லோ நிலைக்காது. பழைய அம்பாசடர், பத்மினி கார்பரேட்டர்களுக்குப் புஷ் அடித்துப் பழகிய கை புதுப்பேட்டைப் பக்கம் இன்னும் இருக்கிறது, அந்த வேலை இதற்கும் அதே வேலைதான்.

சூட்டுக்கு மூன்று காரியம் செய்தோம் அந்தச் சோழிங்கநல்லூர் வண்டிக்கு. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் பத்து மில்லிமீட்டர் பேக்கலைட் தகடு, எக்ஸாஸ்ட்டுக்கு மேல் அலுமினியத் தடுப்பு, பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போகிற ரிட்டர்ன் லைனில் இருந்த அடைப்பை எடுத்தது. மூன்றாவதுதான் பெரிய வித்தியாசம் கொடுத்தது. பெட்ரோல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சூடாக நேரம் கிடையாது. யாரோ முன்னால் கை வைத்தவர் அந்த லைனை போல்ட் போட்டு அடைத்து வைத்திருந்தார். பேக்கலைட் தகடு வைக்கும்போது பானெட் மூடுகிறதா என்று முதலில் களிமண் உருண்டை வைத்து இடைவெளி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெபர் சைட்டிராஃப்ட் அல்லது 48 ஐடிஏ போடலாமா என்றால், போர்ட் வேலை செய்த என்ஜினுக்குப் போடலாம், சத்தமும் இழுப்பும் அருமையாக இருக்கும். வெபரை ஜெட், எமல்ஷன் டியூப், ஏர் கரெக்டர் என்று பிரித்துப் புரிந்துகொண்டு டியூன் செய்யக்கூடிய ஆள் சென்னையில் உண்டு. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து வந்த கைப்பழக்கம் அது, இப்போது இருங்காட்டுக்கோட்டை டிராக் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். ஒரிஜினல் என்ஜினுக்கு வெபர் போட்டால் ஊருக்குள் பெட்ரோல் செலவு கூடி, குறைந்த ஆர்பிஎம்மில் திணறல் வந்து, கொடுத்த காசுக்கு வருத்தமே மிஞ்சும்.

பெட்ரோல் பம்ப் விஷயத்தில் கவனம். வெபருக்கு 3 பிஎஸ்ஐ சுற்றி, ஹோலி கார்பரேட்டருக்கு 6 சுற்றி. எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்ஷன்) காரின் பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளக்கூடியது. புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிக் கார்பரேட்டருக்குக் கொடுத்தால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டும். ரெகுலேட்டரும் கேஜும் இல்லாமல் எந்தப் பம்பையும் மாற்றாதீர்கள். தீயணைப்பு சிலிண்டர் ஒன்று சீட்டுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆயிலை மறக்காதீர்கள்

இதற்குத் தனியாக ஒரு தலைப்பு கொடுக்கக் காரணம், மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். ரோட்டரி கொஞ்சம் ஆயிலை வேண்டுமென்றே எரிக்கும், ஏபெக்ஸ் சீலுக்கு அதுதான் மசகு. 12ஏயில் ஆயில் மீட்டரிங் பம்பிலிருந்து மெல்லிய குழாய்கள் நேராக நிக்கி கார்பரேட்டருக்குள் போகின்றன. நிக்கியைக் கழற்றி வெபரோ த்ராட்டில் பாடியோ போட்ட நிமிடத்தில் அந்தக் குழாய்களுக்குப் போக இடமில்லை. அடைத்துவிட்டு ஓட்டினால் வண்டி அன்றைக்கும் ஓடும், அடுத்த மாதமும் ஓடும், சீல் மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும்.

புதிய இடத்தில் ஆயிலுக்கு வழி செய்ய வேண்டும், அல்லது பெட்ரோலிலேயே டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். லிட்டருக்கு எட்டிலிருந்து பத்து மில்லி என்பது நான் வைத்திருக்கும் அளவு, நாற்பது லிட்டர் போட்டால் 320 முதல் 400 மில்லி. ஆயிலை முதலில் டேங்கில் ஊற்றிவிட்டு அப்புறம் பெட்ரோல் போடச் சொல்லுங்கள், பெட்ரோல் விழும் வேகத்திலேயே கலந்துவிடும். ஒரு முறை அளவு குடுவையை வீட்டில் மறந்துவிட்டால் பங்கில் கண் அளவில் ஊற்றாமல், அரை லிட்டர் பாட்டிலில் கோடு போட்டு டிக்கியிலேயே வைத்துவிடுங்கள்.

இன்ஜெக்ஷன் யாருக்கு

தினமும் ஆபீஸுக்கு எடுத்துப்போகிற வண்டி, போர்ட் வேலை செய்த என்ஜின், டர்போ போடப் போகிற என்ஜின், இவர்களுக்கு நான் தயங்காமல் இன்ஜெக்ஷன் என்பேன். 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் அவ்வளவு எளிதில் கொதிக்காது, காலையில் சோக் இழுத்துக் காத்திருக்க வேண்டாம், டிசம்பர் ஈரத்துக்கும் மே வெயிலுக்கும் தனித்தனியாக ஸ்க்ரூ திருப்ப வேண்டாம். மாஸ்டாவே அந்தப் பாதையில்தான் போனது. 1984இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய ஆர்எக்ஸ்-7 ஜிஎஸ்எல்-எஸ்இ மாடலின் 13பிக்கு இன்ஜெக்ஷன், அடுத்த தலைமுறையாக வந்த எஃப்சி மாடல் எல்லாமே இன்ஜெக்ஷன்.

ஆனால் "இன்ஜெக்ஷன் கிட்" என்று ஒரு பெட்டி வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெட்டிக்கு வெளியே இருப்பதுதான் பாதி வேலை. கார்பரேட்டர் காரின் டேங்குக்குள் போதிய தடுப்பு இருக்காது. கால் டேங்க் பெட்ரோலில் கத்திப்பாரா வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும். கார்பரேட்டர் என்றால் ஃப்ளோட் அறையில் இருப்பது சமாளிக்கும், இன்ஜெக்ஷனில் அந்தக் கணமே லீன். அதனால் எப்போதும் நிரம்பியிருக்கும் ஒரு சின்ன சர்ஜ் டேங்க், இரண்டு பம்ப், ரிட்டர்ன் லைன். இன்ஜெக்டர் அளவுக்கு மாஸ்டா போட்டதைப் பின்பற்றுங்கள்: ஜிஎஸ்எல்-எஸ்இயில் 680 சிசி இரண்டு, டர்போ இல்லாத எஃப்சியில் 460 சிசி நாலு. டர்போ இல்லாத 12ஏக்கு இதில் எதுவும் தாராளம், இ20க்கும் இடமிருக்கும்.

இன்ஜெக்ஷனை இயக்கும் கணினிப் பெட்டியான இசியுவுக்கு ரோட்டரி தெரிந்திருக்க வேண்டும். ஹால்டெக், மைக்ரோடெக் இரண்டும் ஆஸ்திரேலியாவில் ரோட்டரிக்காரர்கள் மத்தியில் வளர்ந்தவை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மெகாஸ்க்விர்ட்டிலும் ரோட்டரி அமைப்பு உண்டு. ட்ரெயிலிங் ப்ளக் லீடிங்குக்குப் பத்து, பதினைந்து டிகிரி பின்னால் வெடிக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாத இசியுவை நாலு சிலிண்டர் என்று ஏமாற்றி இக்னிஷனையும் கொடுப்பது வேண்டாம். என் யோசனை, முதல் ஆறு மாதம் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டுவிட்டு இசியுவிடம் பெட்ரோலை மட்டும் கொடுங்கள். ஏதாவது தப்பானால் எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். பெட்ரோல் கலவை படிந்த பிறகு, முன் புல்லியில் 36-1 பல் சக்கரம் போட்டு இக்னிஷனையும் மாற்றிக்கொள்ளலாம். பிரிட்ஜ்போர்ட் (இன்டேக் வாயை மிகவும் பெரிதாக்கிய) என்ஜின் என்றால் ஸ்லோவில் வாக்யூம் தள்ளாடும், இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி டியூன் செய்ய முடியாது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பெட்ரோல் அளவுகளின் அட்டவணையை எழுத வேண்டும். இதை டியூனரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர் பதிலில் தயக்கம் இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நாலு பேரல் கார்பரேட்டர் வடிவத்திலேயே வரும் த்ராட்டில் பாடி கிட்கள் தானே கற்றுக்கொள்ளும் என்பார்கள். பிஸ்டன் என்ஜினில் நன்றாகக் கற்றுக்கொள்கின்றன. ரோட்டரி ஸ்லோவில் கொஞ்சம் மிஸ்ஸிங் அடிப்பது இயல்பு. எரியாத ஆக்சிஜன் சென்சாருக்குப் போகும், சென்சார் லீன் என்று சொல்லும், இசியு இன்னும் பெட்ரோல் ஊற்றும், இன்னும் மிஸ்ஸிங். ஆகவே ஸ்லோவில் தானே கற்றுக்கொள்வதை அணைத்துவைத்து கையால் செட் செய்ய வேண்டும்.

அப்புறம் ஃப்ளட்டிங். அண்ணா நகரில் ஓர் அடுக்குமாடியில், வாட்ச்மேன் கேட்டார் என்று ஒருவர் தன் இன்ஜெக்ஷன் ஆர்எக்ஸ்-7ஐ ஸ்டார்ட் செய்து இரண்டடி நகர்த்தி அணைத்தார். மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. குளிர்ந்த என்ஜினுக்கு இசியு ரிச்சாகக் கொடுக்கும், சூடு ஏறும் முன் அணைத்தால் அந்தப் பெட்ரோல் ஹவுசிங்கில் தங்கி ஆயிலைக் கழுவிவிடும். தேய்ந்த என்ஜினும் கசியும் இன்ஜெக்டரும் சேர்ந்தால் இது அடிக்கடி நடக்கும். இப்படி ஆனால் இன்ஜெக்டர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கீழ் ப்ளக் இரண்டையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துப் பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள், பெட்ரோல் புகையாக வெளியே வரும், பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்கக் கூடாது. துளைக்கு ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, உலர்ந்த ப்ளக் போட்டு, ஃபியூஸை வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இனிமேல் நகர்த்த வேண்டுமென்றால் தள்ளி நகர்த்துங்கள், ஸ்டார்ட் செய்தால் சூடு ஏறும்வரை ஓடவிடுங்கள். இன்ஜெக்ஷன் போடும்போதே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் ஒரு தனி சுவிட்ச் வைத்துவிட்டால் ஃபியூஸ் தேட வேண்டாம்.

கம்பெனி இன்ஜெக்ஷனோடு வந்த வண்டியைக் கார்பரேட்டருக்கு மாற்றச் சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. வயர் அதிகம், புரியவில்லை என்பதுதான் காரணம். எஃப்சி, ஜிஎஸ்எல்-எஸ்இ இரண்டிலும் ஏர்ஃப்ளோ மீட்டருக்குப் பின்னால் ரப்பர் பைப்பில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், அளக்காத காற்று நுழைந்து ஸ்லோ ஆடும். தண்ணீர் சென்சாரின் கனெக்டர் பச்சை பிடித்தால் என்ஜின் எப்போதும் குளிர்ச்சி என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். கனெக்டர்களைப் பிரித்துச் சுத்தம் செய்து, எர்த் வயர்களைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் புது இசியுவுக்குப் போங்கள், கார்பரேட்டருக்குத் திரும்பாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும்

சைலன்சர் பைப்பில் ஒரு போஸ் வெல்ட் செய்து கலவையை அளந்து காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் போடுங்கள். கார்பரேட்டர் காருக்கும்தான். ப்ளக் நிறம் பார்த்து டியூன் செய்வது பிஸ்டன் என்ஜினில் பழகிய வழக்கம். ஆயிலும் சேர்ந்து எரிகிற ரோட்டரியில் எல்லா ப்ளக்கும் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும், நிறம் ஏமாற்றும். சென்சாரை எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒட்டி வைத்தால் சூட்டில் சீக்கிரம் சாகும், ஒரு மீட்டர் தள்ளி, ஈரம் தேங்காத மாதிரி மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஆயிலில் ஓடுவதால் எப்படியும் அது சாதாரண காரில் உழைக்கிற அளவுக்கு உழைக்காது, செலவாகக் கணக்கு வையுங்கள். மீட்டரில் காற்று-எரிபொருள் எண்ணைவிட லாம்டாவைப் பாருங்கள் (எந்த எரிபொருளுக்கும் சரியான கலவை 1, அதற்குக் கீழே ரிச், மேலே லீன்), அப்போது இ20 போட்டாலும் குழப்பம் வராது. முழு மிதியில் 0.85இலிருந்து 0.88, ஒரே வேகத்தில் போகும்போது 0.95க்கு மேல், ஸ்லோவில் 0.9 சுற்றி. முழு மிதியில் 0.95ஐத் தாண்டினால் அந்த இடத்திலேயே காலை எடுத்துவிடுங்கள், வீட்டுக்கு மெதுவாக வந்து காரணம் தேடுங்கள்.

புகைச் சான்றிதழுக்கு, பாரத் ஸ்டேஜ்-2 விதிக்கு முன் தயாரான நாலு சக்கர வண்டிக்கு ஸ்லோவில் 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, 1500 பிபிஎம் ஹைட்ரோகார்பன் வரை அனுமதி. முதல் எண் கார்பரேட்டரிலும் எளிது, இரண்டாவதுதான் ரோட்டரிக்கு இடிக்கும். பத்து கிலோமீட்டர் நன்றாக ஓட்டி என்ஜின் சூடாக இருக்கும்போது, மீட்டரில் ஸ்லோவை 0.95 பக்கம் கொண்டுவந்து கொடுங்கள், பாஸ் ஆகும் வாய்ப்பு நன்றாகக் கூடும்.

கடைசியாக, இன்ஜெக்ஷன் போடுகிறவர்களுக்கு நம் ஊருக்கே உரிய ஒரு வேலை. பெரும்பாலானோர் இசியுவைப் பக்கத்து சீட்டின் காலடியில், கார்பெட்டுக்கு அடியில் திருகிவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். டேஷ்போர்டுக்குள், முடிந்த அளவு மேலே, கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். வயர் ஒவ்வொன்றும் கனெக்டருக்கு வரும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறட்டும், அப்போது வயர் வழியாக ஒழுகும் தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். பெசன்ட் நகர், நீலாங்கரை மாதிரி கடல் காற்றில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, கிரீஸ் தடவி மூடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அக்டோபர் முதல் வாரத்தில் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும்.